இழுக்க வேண்டாம், தம்பிமாரே

முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தம்பிமாருக்கு,

கட்டடம் ஒன்று விழுந்தால் யாராவது தீயணைப்புக்காரரின் 110க்கு போன் எடுக்கும் முன்னமே நீங்கள் அங்கே நிற்பீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் றப்பர் செருப்போடு, ஒருத்தர் கையில் அலவாங்கு, இன்னொருத்தர் கையில் லொறி ஜக். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பூமியதிர்ச்சியோ கட்டட இடிவோ, உலகத்தில் எங்கே நடந்தாலும் உயிரோடு வெளியே வருகிறவர்களில் பெரும்பாலானோரை எடுப்பது அக்கம்பக்கத்து ஆட்கள்தான். சீருடைக்காரர் வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீத்தொட்டமுல்லைக் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த மாதமே, மே 18ஆம் திகதி, வெள்ளவத்தையில் சவோய் சினிமா அருகே மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோருக்குக் காயம். 2018 பெப்ரவரி 14ஆம் திகதி நம் வாசலிலேயே, கிராண்ட்பாஸ் பாபாபுள்ளே பிளேஸில் பழைய கட்டடம் இடிந்து ஏழு பேர் போய்விட்டார்கள். மழைக்கு ஊறிய பழைய சுவர், அனுமதி இல்லாமல் ஏற்றிய மாடி, பக்கத்து வளவில் தோண்டிய அத்திவாரம் இதெல்லாம் நம் ஒழுங்கைகளில் இன்றைக்கும் இருக்கிறது. அளுத்மாவத்தையில் நாற்பதடி கொள்கலன் லொறிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போவதையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதில் ஒன்று சரிந்து பக்கத்து முச்சக்கர வண்டியின் மேல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "தூக்குவோம் அக்கா" என்பீர்கள். அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. கால் எடுப்பது எனக்குப் புதிதில்லை. சீனி வருத்தத்தில் கறுத்துப்போன கால்கள், ரயிலில் மாட்டி நசுங்கிய கால்கள் எல்லாம் தட்டில் வைத்து எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அது வெளிச்சமான அறை, சுத்தமான துணி, மயக்க மருந்து நிபுணர், நாலு போத்தல் இரத்தம் தயார். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது அந்த அறை இல்லாத இடத்தில் நடக்கிற வேலை. ஆளை இடிபாட்டிலிருந்து எடுக்க வேறு வழி இல்லை என்றால், அகப்பட்ட காலையோ கையையோ அந்த இடத்திலேயே எடுத்துவிட்டு ஆளை வெளியே கொண்டுவருவது. கேட்கவே வயிற்றைக் கலக்கும். ஆனாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அப்படி ஒரு நாள் வந்தால் டொக்டரைச் சுற்றி நிற்கப்போகிற கூட்டம் நீங்கள்தான்.

உங்களில் பலபேர் இந்த விசயத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த '127 ஹவர்ஸ்'. 2003இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேறியின் கை பாறைக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டது. ஐந்து நாளுக்கு மேல் கிடந்தார். கடைசியில் கை எலும்பைத் தானே முறித்து, மழுங்கல் கத்தியால் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கத்திதான் நினைவில் நிற்கும். எனக்கு நின்றது எலும்பு முறிக்கிற இடம். சின்னக் கத்திக்குச் சதை வழிவிடும், எலும்பு விடாது. அதை அந்த மனிதர் புரிந்துகொள்ளவே நாட்கள் எடுத்தன. ஆனால் அது தனி ஆள் ஒருவனின் கதை. உதவிக்கு யாருமே இல்லை. நம் ஒழுங்கையில் பிரச்சினை நேர்மாறு. உதவிக்கு ஆள் கூடிப்போகும்.

முதலில், ஏன் இழுக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

1940, 41இல் லண்டன் மேல் ஜேர்மன்காரர் குண்டு போட்டபோது, இடிந்த வீடுகளுக்குக் கீழிருந்து மணிக்கணக்காக அகப்பட்டவர்களை உயிரோடு எடுத்தார்கள். பேசினார்கள், தேத்தண்ணீர் கேட்டார்கள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். சில நாளில் சிறுநீர் நின்று செத்தார்கள். ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் எரிக் பைவாட்டர்ஸ் என்ற டொக்டரும் அவருடைய சக வைத்தியரும் 1941இல் இதை எழுதி வைத்த பிறகுதான் விசயம் புரிந்தது. கொங்கிரீட்டுக்குக் கீழே நசுங்கிய தசை சாகும்போது தன்னுள் இருக்கும் பொட்டாசியத்தையும் சிவப்புச் சத்து ஒன்றையும் கக்கும். பாரம் மேலே இருக்கும்வரை அந்த நஞ்சு காலுக்குள்ளேயே கிடக்கும். பாரத்தைத் தூக்கியதும், அடைபட்ட கானை மழை நேரத்தில் ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் உடம்புக்குள் பாயும். பொட்டாசியம் இருதயத்தை நிறுத்தும். சிவப்புச் சத்து சிறுநீரகத்தை அடைக்கும். "இவ்வளவு நேரம் நல்லாத்தானே கதைச்சிட்டு இருந்தான், தூக்கின உடனே போயிட்டானே" என்று அழுகிறார்களே, அந்தச் சாவு இதுதான். தூக்கியவன் கெட்டிக்காரன் இல்லை என்பதல்ல காரணம். தூக்கும் முன் நாளத்தில் சேலைன் ஏற்றவில்லை.

கால் அகப்பட்டுக் கிடக்கும்போதே, மேலே இருக்கிற கையில் ஊசி போட்டு, வளர்ந்த ஆளுக்கு மணிக்கு ஒரு லீற்றர் கணக்கில் சாதாரண சேலைன் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரத்தைத் தொட வேண்டும். 1999 ஓகஸ்ட் 17ஆம் திகதி துருக்கியின் மர்மரா பகுதியில் பூமி அதிர்ந்தபோது இப்படிச் சிறுநீரகம் பழுதானவர்கள் 639 பேர். அவர்களில் 477 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் தேவைப்பட்டது. இடிபாட்டில் தப்பி, கட்டிலில் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

இதோடு நம்மூர் விசயம் ஒன்று. அகப்பட்டவனுக்குத் தாகம் எடுக்கும். யாராவது ஓடிப்போய்ச் செவ்விளநீர் வெட்டிக்கொண்டு வருவார்கள். விவரம் தெரிந்தவர் ஃபார்மசியில் ஜீவனி பக்கெட் வாங்கிக் கரைப்பார். இரண்டும் வயிற்றோட்டத்துக்கு நல்ல மருந்து. இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. நசுங்கிய காலோடு கிடப்பவனுக்கு அதுதான் ஆகாது. வாழைப்பழமும் அப்படியே. உதட்டை நனைக்கத் துளித் தண்ணீர் போதும். அதற்குமேல் வாய்வழியாக ஒன்றும் வேண்டாம். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். அன்பினால் கொடுக்கிறீர்கள், தெரியும். அந்த அன்பைப் பேச்சாகக் கொடுங்கள்.

இனி, எப்போது காலை எடுப்பார்கள்? மிக மிக அரிதாக. 1996இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் பெரிய நகரங்களில் அவசர மருத்துவ சேவையை நடத்தும் வைத்தியர்களிடம் கேட்டது. பதில் சொன்ன 143 இடங்களிலும் சேர்த்து ஐந்து வருடத்தில் நடந்தவை 26. அதில் அதிகம் வாகன விபத்து. அந்த 143இல் இதற்கென்று எழுதி வைத்த ஒழுங்குமுறை இருந்தது இரண்டே இரண்டு இடத்தில். பணமும் ஹெலிகொப்டரும் இருக்கிற நாட்டிலேயே கதை இப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால், ஜக் வைத்தால் தூக்கலாம், இரும்பை வெட்டினால் எடுக்கலாம் என்றால் டொக்டர் வாளைத் தொடவே மாட்டார். ஆள் கண்முன்னே இறங்கிப்போகிறார், பாரத்தை நகர்த்த மணிக்கணக்கு ஆகும் என்றால். அல்லது தீயோ தண்ணீரோ ஏறிவருகிறது, மிச்சக் கட்டடமும் விழப்போகிறது என்றால். அல்லது கால் ஏற்கெனவே தோலில்தான் தொங்குகிறது என்றால், அப்போதுதான் அந்தப் பேச்சு வரும். இன்னொன்றும் உண்டு, சொல்லக் கஷ்டமானது: செத்துப்போனவரின் உடம்பு வழியை மறித்துக் கிடக்க, அதற்கு அப்பால் உயிர் ஒன்று கூப்பிடுகிறது என்றால்.

எப்படிச் செய்வார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரியாதவனுக்குத்தான் பயமும் ஆத்திரமும் அதிகம்.

அகப்பட்ட இடத்துக்குக் கிட்டவாக, காலில் எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே இறுக்குப்பட்டி போடுவார்கள். பிறகு கெட்டமின் என்ற மருந்து. இடிபாட்டுக்குள் வேலை செய்ய இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது என் அபிப்பிராயம். வலியை எடுக்கும், மூச்சை நிறுத்தாது, இரத்த அழுத்தத்தை விழுத்தாது. ஆனால் கெட்டமின் போட்ட ஆளின் கண் திறந்தே இருக்கும். விழி மெல்ல ஆடும். முனகல்கூட வரும். எட்டிப் பார்க்கிறவனுக்கு, உயிரோடு, முழிப்போடு இருக்கிறவனை அறுக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. கண் திறந்திருக்கிறதே தவிர ஆள் அதில் இல்லை. இந்த ஒரு விசயம் தெரியாததால்தான் கூட்டம் டொக்டரின் சட்டையைப் பிடிக்கும். தயவுசெய்து இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

தோலையும் சதையையும் கத்தியால் சுற்றி வெட்டி, எலும்புக்கு வாள். நான் தியேட்டரில் அதிகம் எடுத்துக் கொடுத்தது கிக்லி வாள். முறுக்கிய கம்பி, இரண்டு பக்கமும் கைபிடி. எலும்புக்கு அடியில் கோத்து மாறி மாறி இழுத்தால் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். சுருட்டினால் சட்டைப் பைக்குள் வைக்கலாம். வாளை நுழைக்க இடமில்லாத பொந்தில் கம்பி நுழையும். தீயணைப்புக்காரரிடம் இருக்கிற, காரைப் பிளக்கிற ஹைட்ரோலிக் கத்தரியால் வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். வேறு வழியே இல்லை என்றால் அதுவும் உண்டு, ஆனால் அது எலும்பை நொறுக்கும். வெட்டிய இடத்தைத் தைக்கமாட்டார்கள். திறந்தபடியே பஞ்சு வைத்துக் கட்டி வைத்தியசாலைக்கு ஏற்றுவார்கள். அங்கே போய்ச் சுத்தம் செய்து, பிறகொரு நாள் ஒழுங்காக வடிவமைத்து மூடுவார்கள். ஆகவே ஸ்ட்ரெச்சரில் பார்க்கிற காயம் யாரோ அரைகுறையாகச் செய்த வேலை என்று நினைக்க வேண்டாம். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

2011 பெப்ரவரி 22ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரம் அதிர்ந்தபோது, பைன் கூல்ட் என்ற கட்டடத்துக்குள் ஒருவரின் இரண்டு காலும் தூணுக்குக் கீழே அகப்பட்டன. நகரத்தில் அன்றைக்குச் சிறுநீர்வழி சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாடு. அதற்கு வந்திருந்த அவுஸ்திரேலியப் பெண் டொக்டர் லிடியா ஜோன்ஸ் புட்ரா ஆள் சின்னவர், பொந்துக்குள் நுழைய முடிந்தது. அவரும் கூட நின்றவர்களும் சுவிஸ் கத்தியும் இரும்பறுக்கும் வாளும் வைத்து இரண்டு காலையும் எடுத்தார்கள். அந்த மனிதர் பிழைத்தார். 1995 ஏப்ரல் 19ஆம் திகதி ஓக்லஹோமா நகரத்தில் குண்டு வெடித்த கட்டடத்துக்கு அடியிலும் இதே கதை. டொக்டர் அண்டி சலிவன் படுத்தபடி ஒரு பெண்ணின் காலை எடுக்கும்போது ஒப்பரேஷன் கத்திகள் கொங்கிரீட்டில் பட்டு மழுங்கிப்போயின. தன் சட்டைப் பையில் இருந்த மடக்குக் கத்தியால்தான் முடித்தார். அந்தப் பெண்ணும் பிழைத்தார். இந்த இரண்டையும் வீரக்கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு என்னவோ, வசதி கொழிக்கும் இரண்டு நாடுகளில் இரண்டு முறையும் ஒரு நல்ல வாள் இடத்துக்கு வந்து சேரவில்லையே என்றுதான் தோன்றும். தாதியின் புத்தி அப்படி, முதலில் தட்டைத்தான் பார்க்கும்.

ஆனால் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது கிறைஸ்ட்சேர்ச்சுக்காக இல்லை. சாவாருக்காக.

டாக்காவுக்குப் பக்கத்தில் சாவார். அங்கே ரானா பிளாசா, எட்டு மாடி, மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் ஏற்றியவை. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி சுவரில் வெடிப்பு தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டது. கார்மென்ட்ஸ் பிள்ளைகளை மட்டும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். 24ஆம் திகதி காலை, மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முழுக் கட்டடமும் இறங்கியது. 1,100க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் உயிரோடு எடுக்கப்பட்டார்கள். பக்கத்தில் இருந்த எனாம் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வைத்தியம் பார்த்தது.

அந்த 2,500 பேரை எடுத்தவர்களில் பெரும்பகுதி உங்களைப் போன்ற பொடியன்கள். கடைக்காரன், மேசன், மாணவன், கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவன். மாடிக்கும் மாடிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. இடுப்பளவு ஓட்டை போட்டு, கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்ந்து போனார்கள். கை அகப்பட்ட பிள்ளை, கால் அகப்பட்ட பிள்ளை. டொக்டர்மாரால் அந்தப் பொந்துக்குள் நுழைய முடியாத இடங்களில், மரக்கச் செய்யும் ஊசியையும் இரும்பறுக்கும் வாளையும் அந்தப் பொடியன்களின் கையிலேயே கொடுத்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் போனார்கள், அறுத்தார்கள், ஆளைக் கொண்டுவந்தார்கள்.

டொக்டர்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு என்ன செய்திருப்பார்கள்? ஆனால் கத்தி பிடித்தவனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். நான் முப்பது பேர் நடுவில், பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த வேலை அது. அப்படியும் சில இரவு தூக்கம் வராது. அவர்கள் இருட்டில், தனியாக, அழுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி செய்தார்கள். வருடக்கணக்காக அவர்களில் பலர் நித்திரை இல்லாமல், வேலைக்குப் போக முடியாமல் இருந்ததை அந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. மீட்புப் பணியில் நின்ற தன்னார்வலர் ஒருவர் 2019 ஏப்ரல் 24ஆம் திகதி, சரியாக ஆறாவது நினைவு நாளில், உயிரை மாய்த்துக்கொண்டார். இடிபாட்டின் கணக்கில் அவர் பெயர் சேர்வதில்லை.

ஆயத்தம் இல்லாத ஊரில் வாள் கடைசியில் யார் கைக்கு வரும் என்பதற்கு சாவார் ஒன்றே போதும். அது உங்கள் கைக்கு வரக் கூடாது. யார் எவ்வளவு கெஞ்சினாலும், "நீ தைரியசாலி, நீ செய்" என்று உசுப்பினாலும், பயிற்சி இல்லாதவன் ஓர் உயிருள்ள காலில் வாளை வைக்கக் கூடாது. இறைச்சிக்கடையில் வேலை செய்கிற தம்பியும் உட்படத்தான் சொல்கிறேன். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து முழுப் பலத்தோடு அமுக்குங்கள். நிற்கவில்லை என்றால் அகலமான பட்டியால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். உங்கள் எல்லை அதோடு முடிகிறது.

வன்னியிலிருந்து வந்து நம் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2009இல், போரின் கடைசியில், மயக்க மருந்து தீர்ந்துபோன இடத்தில் கை கால் எடுத்ததைப் பற்றி அவர்கள் சொல்வார்கள், அல்லது சொல்லாமல் எழும்பிப் போவார்கள். அந்த ஞாபகம் இருக்கிற வீட்டுக்கு முன்னால் இன்னொரு முறை அப்படி ஒன்று நடந்தால் கூட்டம் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறேன்.

சரி, டொக்டர் வந்துவிட்டார், காலை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். அப்போது என்ன நடக்கும்? அகப்பட்டவருக்கு நினைவு இருந்தால் அவரிடம்தான் கேட்பார். நினைவு இல்லை என்றால் உயிரைக் காக்க எது தேவையோ அதை டொக்டர் செய்வார். தாயோ மனைவியோ ஒழுங்கைத் தொங்கலிலிருந்து வந்து கையெழுத்து வைக்கும்வரை காத்திருக்க நேரம் இராது. தாய் கத்துவார். "என் பிள்ளைட காலை எடுக்க வேணாம்" என்பார். எந்தத் தாய் கத்தமாட்டாள்? அந்த நேரத்தில் இரண்டு பேர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவருக்குத் தெரிந்த பெண்களாக இருந்தால் நல்லது. மற்றவர்கள் போனை உள்ளே வையுங்கள். காலில்லாமல் மகன் வெளியே வருகிற காட்சி, தாய் பார்க்கும் முன்னே வட்சப்பில் மட்டக்குளிப் பாலம் தாண்டிப் போய்விடக் கூடாது.

இன்னொரு சின்ன விசயம். எடுத்த கால் பெரும்பாலும் இடிபாட்டுக்கு உள்ளேயே கிடக்கும். பிறகு கிடைத்தால் அதைக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வீட்டாருக்கு வெட்கமாக இருக்கும். முஸ்லிம் வீட்டில் அதை அடக்குவது வழமை. நம் ஆட்களிலும் சிலர் விரும்புவார்கள். பொலிஸிடமும் வைத்தியசாலையிடமும் தயங்காமல் கேட்கலாம். வீட்டார் சார்பில் நீங்கள் கேட்டுக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு வருகிற நாட்கள்தான் நீளம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு, புறக்கோட்டையில் கைவண்டி இழுக்கிற நாட்டாமிக்கு, நம் துறையில் வள்ளம் தள்ளுகிறவனுக்குக் கால் என்பது சம்பளம். "காலில்லாமல் இருந்து என்ன, செத்திருக்கலாம்" என்று கட்டிலிலேயே சொல்வான். வாட்டில் இதை எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன். இல்லாத காலின் பெருவிரல் கடுக்கிறது என்று நடு இரவில் எழுப்புவார்கள். அது பைத்தியம் இல்லை, உண்மையான வலி, மருந்து உண்டு. காயம் ஆறியதும் கொழும்பு 2இல், சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையில் இருக்கிற ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1831இல் தொடங்கிய சங்கம். 1985 முதல் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987இலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் டொக்டர் பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கிய றப்பர் கால் அது. சப்பாத்து வேண்டாம், சேற்றில் இறங்கலாம், சப்பணம் கட்டி உட்காரலாம். வெள்ளைக்காரன் கால் கதிரையில் இருக்கச் செய்தது, இது பாயில் இருக்கச் செய்தது. உங்கள் அம்மாமாருக்கு சுதா சந்திரனைத் தெரியும். 1981இல் தமிழ்நாட்டில் பஸ் விபத்துக்குப் பிறகு ஒரு கால் போய், ஜெய்ப்பூர் காலோடு பரதம் ஆடி, தன் கதையிலேயே 'மயூரி' படத்தில் நடித்தவர். எல்லாரும் ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முச்சக்கர வண்டி ஓட்டினால் போதும்.

இந்த மடலை மாநகர சபையிலோ சுகாதாரத் திணைக்களத்திலோ யாராவது படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 1990 என்ற இலக்கத்துக்கு வருகிற அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு 88 வண்டியில் தொடங்கி, இன்று நாடு முழுக்க ஓடுகிறது, நல்ல காரியம். ஆனால் அதில் வருகிற பிள்ளைகள் காலை எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. இடிபாட்டுக்குப் போக வேண்டிய சத்திரசிகிச்சை டொக்டர் யார், மயக்க மருந்து டொக்டர் யார், நள்ளிரவில் அவர்களை எந்த வாகனம் ஏற்றும், தலைக்கவசமும் சப்பாத்தும் எங்கே இருக்கின்றன என்பது முந்தின நாளே எழுதியிருக்க வேண்டும். ஒரு பை போதும்: இறுக்குப்பட்டி நாலு, கத்தி அலகு நிறைய, கிக்லி வாள் மூன்று, கெட்டமின், சேலைன், தலையில் கட்டும் விளக்கு. தியேட்டரில் ஓர் அலுமாரியின் மூலைக்கு மேல் இடம் பிடிக்காது. வருடத்துக்கு ஒரு முறை தீயணைப்புக்காரரும் டொக்டர்மாரும் பழைய லொறி ஒன்றின் கீழே படுத்துப் பழகினால் செலவு ஒரு விழாவின் மாலைக் காசுக்குக் கூட வராது.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன், தம்பிமாரே. விழுந்ததும் ஓடுங்கள், தடுக்கவில்லை. ஒருத்தர் 110க்கும் இன்னொருத்தர் 1990க்கும் போன் எடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் எடுக்கப்போய் ஒன்று விட்டுப்போகும். "ஆள் அகப்பட்டிருக்கிறார், கால் நசுங்கியிருக்கிறது, இத்தனை மணியிலிருந்து" என்ற மூன்றையும் சொல்லுங்கள். அந்த மணிதான் டொக்டருக்கு முதல் மருந்துக் குறிப்பு. மின்சாரத்தை நிறுத்துங்கள். காஸ் சிலிண்டர் இருந்தால் சொல்லுங்கள். லொறி, பைக் எல்லாம் எஞ்சின் நிறுத்தி, ஒரு நிமிடம் யாரும் பேசாமல், உள்ளே சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மேலே ஏறி நிற்க வேண்டாம், உங்கள் பாரமும் கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும். லேசாகக் கிடக்கிறவனை, கையால் நகர்த்தக்கூடிய கல்லுக்குக் கீழே இருக்கிறவனை உடனே எடுங்கள். நான் இழுக்க வேண்டாம் என்பது பாரத்துக்குக் கீழே நசுங்கி நேரமானவனை. தீ வந்தால், தண்ணீர் ஏறினால் அந்தச் சட்டமும் இல்லை. எடுத்துவிட வேண்டியதுதான்.

அகப்பட்டவன் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் படுத்திருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கட்டும். சாப்பிட்டது எப்போது, என்ன மருந்து குடிக்கிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு மனத்தில் வைத்திருக்கட்டும். ஆள் மயங்கின பிறகு அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் ஒழுங்கையைத் திறந்து வையுங்கள். நம் ஒழுங்கைகளில் தீயணைப்பு வண்டி நுழையாமல் நிற்பது தூரத்தால் அல்ல, வாசலில் நிறுத்திய முச்சக்கர வண்டிகளால்.

அதோடு இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. உங்களில் கிரேன் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், காஸ் கட்டர் பிடிக்கிற வெல்டர்கள், கொங்கிரீட் உடைக்கிற கொம்ப்ரசர் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பெயரையும் போன் நம்பரையும் எந்த நேரத்தில் வரலாம் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோயில் நிர்வாகம், பள்ளிவாசல், பங்குத் தந்தை மூன்று இடத்திலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். நாலாவது பிரதியை மருதானையில், டி. பி. ஜாயா மாவத்தையில் இருக்கிற தீயணைப்புத் தலைமையகத்தில் நேரில் கொடுத்து, வாங்கியவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முகத்துவாரத்து அக்கா ஒருத்தி